தடை தாண்டும் குதிரைக்குப் பிட் தேர்வும் வாரை மென்மையாகப் பிடிக்கும் முறையும்

ஷோ ஜம்பிங் கற்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தடையைக் கண்டதும் குதிரை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, இப்போது போட்டிருப்பதைவிடக் கடினமான பிட் எது?" இந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறில்லை, ஆனால் இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் குதிரையின் வாயையும் பிட்டின் அளவையும் ஏறியிருப்பவரின் கையையும், இதே வரிசையில், பார்த்து முடித்திருக்க வேண்டும். பார்த்து முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கடைசிக் கேள்வியே எழுவதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். ஆகவே இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் செல்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். கடிவாளம் என்ற சொல்லை நாம் தலையில் மாட்டும் தோல்வார்கள், வாயில் வைக்கும் இரும்பு, கையில் பிடிக்கும் வார் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். இங்கே குழப்பம் வராமல் இருக்க, தலையில் மாட்டுவதைப் பிரைடில் என்றும், வாயில் இருப்பதைப் பிட் என்றும், கையில் இருப்பதை வார் என்றும் எழுதுகிறேன்.

முதல் படி: வாயைத் திறந்து பாருங்கள்

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே கீழ்த்தாடையில் பற்களே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. பிட் வாய்க்குள் வருவது அந்த இடத்தில்தான். அங்கே ஈறு மிக மெல்லியது. அதற்கு நேர் கீழே எலும்பு, அதுவும் விளிம்பு கூரான எலும்பு. உங்கள் முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்தில் உள்ள எலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை என்று சொல்லிக்கொள்ள ஏதும் இராது. குதிரையின் அந்த ஈறும் ஏறத்தாழ அப்படித்தான். நாக்கு தடிமனாக இருந்து வாயின் பெரும்பகுதியை நிறைத்துக்கொள்வதால், மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையே பிட்டுக்கென்று தனியாக இடம் ஏதும் மீதி இல்லை. எந்தப் பிட்டாக இருந்தாலும் அது நாக்கின்மேல்தான் முதலில் உட்காருகிறது.

ஆண் குதிரைகளுக்கு அந்த இடைவெளியில் கோரைப்பற்கள் முளைக்கும். பெண் குதிரைகளுக்குப் பெரும்பாலும் முளைப்பதில்லை. சில குதிரைகளுக்கு மேல்தாடையில் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால் ஓநாய்ப்பல் எனப்படும் சிறு பல் இருக்கும். பிட் அதில் இடித்தால் குதிரை தலையை உதறும், அல்லது திடீரென ஒரு பக்கம் திரும்ப மறுக்கும். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, கன்னப் பக்கம் கத்திபோல் கூராகிவிடுவதும் வழக்கம். மூக்குப்பட்டையை இறுக்கும்போது அந்தக் கூர் கன்னத்தின் உட்சதையைக் கிழிக்கும். எனவே, குதிரைப் பற்களைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது, இளம் குதிரையானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வாயைக் காட்டிவிடுங்கள். அந்தப் பரிசோதனை முடிவதற்கு முன் புதிய பிட் வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள்.

நீங்களாகத் தினமும் பார்க்கக்கூடியது, இரு பக்கத்து உதட்டோரங்களும் உதட்டைத் தூக்கினால் தெரியும் ஈறும். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக வழவழப்பாக இருக்கும். கன்றிய நீலமோ, வெண்புள்ளியோ, உதட்டோரத்தில் வெடிப்போ தெரிந்தால் அன்றைக்குப் பிட் கூடாது.

இரண்டாம் படி: அளவெடுங்கள்

பருமனான நூல்கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு ஒரு பக்க உதட்டோரத்தில் படும்படி வைத்து, கயிற்றை வாய்க்குள் பிட் கிடக்கும் இடத்தின் வழியே குறுக்காகக் கொண்டுவந்து, மறுபக்க உதட்டோரத்தில் பேனாவால் குறியிடுங்கள். கயிறு தொய்யவும் கூடாது, உதட்டை அழுத்தவும் கூடாது. கிடைத்த நீளத்துடன் ஒரு சென்டிமீட்டர் கூட்டினால், இரு பக்கமும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வெளியே தெரியும் பிட் கிடைக்கும். பந்தய இனமான தரோபிரெட் குதிரைகளில் வளர்ந்தவை பெரும்பாலும் 12.5 முதல் 13.5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், போனி எனப்படும் சிறு குதிரைகளுக்கு 11.5 அல்லது அதற்கும் குறைவு. அகலம் கூடிய பிட் வாய்க்குள் பக்கவாட்டில் இழுபட்டு, நடு இணைப்பு ஒருபுறமாக நகர்ந்து போகும். அகலம் குறைந்தால் வளையம் உதட்டைக் கிள்ளும்.

தடிமனைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: தடித்த பிட் மென்மையானது, மெல்லிய பிட் கடுமையானது என்பது. பாதிதான் உண்மை. மெல்லியது குறைந்த பரப்பில் அழுத்துவதால் கடுமை கூடும் என்பது சரி. ஆனால் வாய் சிறியதாகவும் நாக்கு பெரியதாகவும் உள்ள குதிரைக்கு 18 மில்லிமீட்டர் பிட் வாய் நிறையக் கல்லை வைத்தது போலாகிவிடும். அது வாயைத் திறந்துகொண்டே ஓடும். 14 முதல் 16 மில்லிமீட்டர் வரை உள்ளவை பல குதிரைகளுக்குப் பொருந்துகின்றன. மாட்டும் உயரத்துக்கு உதட்டோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதைத் தொடக்கக் குறியாக மட்டும் கொள்ளுங்கள். உதடு தடித்த குதிரைக்குச் சுருக்கமே விழாமலும் பிட் சரியான இடத்தில் இருக்கும். கோரைப்பல்லில் இடிக்காமலும், குதிரை நாக்கை அதன் மேலே தூக்கிப் போட இடம் கொடுக்காமலும் இருப்பதுதான் உண்மையான அளவு.

மூன்றாம் படி: ஸ்னாஃபிளில் தொடங்குங்கள்

வார் எந்த வளையத்தில் பூட்டியிருக்கிறதோ அந்த வளையமே நேராக வாயில் உள்ள இரும்புடன் சேர்ந்திருந்தால் அது ஸ்னாஃபிள். கையில் ஒரு கிலோ இழுத்தால் வாயிலும் ஒரு கிலோதான் போய்ச் சேரும். கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. புதிதாகக் கற்பவரின் கைக்கு இந்த நேர்மை அவசியம்.

நடுவில் ஒரே ஒரு மூட்டு உள்ள ஸ்னாஃபிள், இரு வார்களையும் சேர்த்து இழுக்கும்போது மடிந்து நாக்கைப் பாக்குவெட்டிபோல் இருபுறமும் நெருக்கும். இரண்டு மூட்டும் நடுவே சிறு கொட்டை வடிவத் துண்டும் உள்ளது நாக்கின் வளைவோடு படிந்து கிடக்கும். மூட்டே இல்லாமல் லேசாக வளைந்த மல்லன் பிட் எல்லாவற்றிலும் அசைவு குறைந்தது. பிட்டின் சலனத்தைக் கண்டு பயப்படும் குதிரைக்கு நல்லது, ஆனால் சில குதிரைகள் அதன்மேல் முழுப் பாரத்தையும் சாய்த்துவிடும். வளையத்திலும் வேறுபாடு உண்டு. துளையில் வழுக்கி ஓடும் தளர்வளையம், கை அசைவை எல்லாம் வாய்க்குக் கடத்தும். முட்டை வடிவ மூட்டுள்ள எக்பட் வளையம் அசையாமல் நிற்கும். கை இன்னும் நிலைப்படாதவருக்கு, இரண்டு மூட்டுள்ள எக்பட் ஸ்னாஃபிளையே நான் பரிந்துரைக்கிறேன். கையின் தடுமாற்றத்தில் ஒரு பங்கையாவது அது வாய்க்குக் கொண்டுபோகாமல் தடுத்துவிடும். தளர்வளையம் வாங்கினால் வளையம் நுழையும் துளையை மாதம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். தேய்ந்து விளிம்பு கூராகியிருந்தால் பிட்டை மாற்ற வேண்டியதுதான்.

நெம்புகோல் பிட்டுகள் என்ன செய்கின்றன

பெல்ஹாம், மூன்று வளைய கேக் (gag), ஹேக்கமோர் போன்ற, கையின் இழுப்பை நெம்புகோல்போல் பெருக்குபவை ஜம்பிங் களத்தில் சாதாரணமாகக் காணக் கிடைப்பவை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு டிரெஸ்ஸேஜ் எனப்படும், தடைகள் இல்லாத பயிற்சித் திறன் போட்டிக்கு எந்தெந்தப் பிட்டுகள் செல்லும் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. ஜம்பிங்கில் தேர்வு மிகவும் பரந்தது. பெரிய போட்டிகளின் ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு, அங்கே வென்ற குதிரையின் வாயில் இருந்ததையே வாங்கும் பழக்கம் இதனால்தான் வருகிறது. அந்தப் பிட்டுடன் அந்த வீரரின் இருபது ஆண்டுக் கையும் சேர்ந்து வருவதில்லை.

கணக்கைப் பாருங்கள். பெல்ஹாமில் வாயிரும்புக்கு மேலே 5 சென்டிமீட்டர் தண்டும் கீழே 10 சென்டிமீட்டர் தண்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழ் முனையில் கட்டிய வாரை ஒரு கிலோ அளவுக்கு இழுத்தால், மேல் முனையில் உள்ள தாடைச் சங்கிலி இறுகி முகவாய்ப் பள்ளத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்தமும், வாய்க்குள் ஏறத்தாழ மூன்று கிலோ அழுத்தமும் விழும். கீழ்த்தாடை இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. கேக் பிட்டில் தாடைச் சங்கிலி இல்லை. அதற்குப் பதிலாக, காதுகளுக்குப் பின்னால் தலையுச்சியிலும் உதட்டோரத்திலும் அழுத்தம் ஏறும். ஹேக்கமோரில் வாய்க்குள் எதுவுமே இல்லாததால் அது மென்மையானது என்று பலர் எண்ணுகிறார்கள். நீண்ட தண்டுள்ள ஹேக்கமோர் மூக்கெலும்பின்மேல் பெருத்த அழுத்தம் தரக்கூடியது. கெட்டியான எலும்பின் மேல் இல்லாமல் கீழே இறங்கி மென்குருத்தில் உட்கார்ந்துவிட்டால் மூச்சையும் நெரிக்கும்.

இவற்றுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பயின்ற கை, ஒரு பலசாலிக் குதிரையிடம் பத்து முறை சொல்ல வேண்டியதை இவற்றைக் கொண்டு ஒரு முறை சொல்லிவிட்டு விலகிக்கொள்ள முடியும். விலகிக்கொள்ளத் தெரியாத கையில்தான் இவை தண்டனையாகின்றன.

என் சொந்த அனுபவம் ஒன்று. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, காயடித்த ஒரு குதிரை என் பொறுப்பில் இருந்தது. தடைக்கு நான்கு பாய்ச்சல் தூரம் இருக்கும்போதே தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பாயும். கேக் பிட்டைப் போட்டேன். முதல் வாரம் சொன்னபடி கேட்டது. என் முடிவு சரி என்று மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம் முன்பைவிட மோசமாக ஓடியது. ஒரு நாள் காலை பிரைடிலைக் கழற்றும்போது, வலது உதட்டோரத்து நுரையில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. மருத்துவர் வாயைத் திறந்து விளக்கு அடித்துக் காட்டினார். அதே பக்கம் மேல் கடைவாய்ப் பல்லின் கூர் விளிம்பு, அதற்கு எதிரே கன்னத்தில் ஆறாத புண். அது அத்தனை நாளும் வலியிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் வலியை இன்னும் கூட்டினேன். பல்லை ராவி, புண் ஆறும்வரை காத்திருந்து, சாதாரண ஸ்னாஃபிளுக்குத் திரும்பிய பிறகு அது படிப்படியாக அமைதியானது.

பந்தயக் குதிரை என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சவாரிப் பள்ளிக் குதிரைகளில் பல இப்படிப் பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட்கள். பந்தயத்தில் ஜாக்கி வாரைச் சுருக்கி உறுதியாகப் பிடிப்பது, குதிரை அதன்மேல் சாய்ந்து வேகமெடுக்க உதவுகிறது. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வந்த குதிரையின் வாரை நீங்கள் பயத்தில் விடாமல் இழுத்தால், வேகத்தைக் கூட்டச் சொல்வதாக அது புரிந்துகொள்கிறது. அதற்கு விடாப்பிடியாக இழுக்கும் கையைக் காட்டவே கூடாது; பிடித்து, விட்டு, பெரிய வட்டத்தில் திருப்பி, மறுபடி பிடித்து விட வேண்டும்.

மூக்குப்பட்டையைப் பற்றிச் சுருக்கமாக: மூக்கெலும்பின் மேற்புறத்தில், பட்டைக்கும் எலும்புக்கும் நடுவே பெரியவர் ஒருவரின் இரண்டு விரல்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நுழைய வேண்டும். பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அங்கே சதை இடம் கொடுத்துவிடும். பூட்டிய பிறகு ஒரு கேரட் துண்டைக் கொடுங்கள். அதைக் கடித்து விழுங்க முடியாவிட்டால் பட்டை இறுக்கம்.

நான்காம் படி: கையைப் பழக்குங்கள்

குதிரையே இல்லாமல் இதைத் தொடங்கலாம். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பிட்டை இரண்டு உள்ளங்கைகளிலும் லேசாக ஏந்திக்கொள்ள, மற்றவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வாரைப் பிடிக்கட்டும். விரலை மட்டும் மூடுவது, மணிக்கட்டை வளைப்பது, முழங்கையை இழுப்பது என ஒவ்வொன்றாகச் செய்து, எப்போது என்ன தெரிந்தது என்று கேளுங்கள். அண்மையில் இப்படிப் பிட்டை ஏந்தி நின்ற ஒரு மாணவி, "அவர் இருமியதுகூட என் கையில் தெரிந்தது" என்றார். அன்று மாலை அவர் வாரை எடுத்த விதமே வேறாக இருந்தது. அரை மணி நேரச் சொற்பொழிவு தராத பாடத்தை இந்த ஐந்து நிமிடங்கள் தந்துவிடுகின்றன.

வார் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே உள்ளே வந்து, உள்ளங்கை வழியே மேலேறி, ஆள்காட்டி விரலின்மேல் மடிந்து, கட்டைவிரலின் கீழே நிற்க வேண்டும். வார் வழுக்காமல் காப்பது கட்டைவிரலின் வேலை. பேசுவது மோதிர விரலின் வேலை. கட்டைவிரலைத் தளரவிட்டு மற்ற நான்கு விரல்களையும் இறுக்கிக்கொள்வது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. கைகள் ஒரு சாண் இடைவெளிக்குள், கட்டைவிரல்கள் மேல் நோக்கி இருக்கட்டும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் முழங்கை, கை, குதிரையின் வாய் மூன்றும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். குதிரை தலையை உயர்த்தினால் கையும் உயரும், தாழ்த்தினால் கையும் தாழும்; கோடு உடையக் கூடாது.

குதிரை நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் தலை முன்னும் பின்னும் அசையும். டிராட் என்னும் துள்ளுநடையில் தலை ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு முறை முன்னே இறங்கித் திரும்பும். ஆகவே நடையிலும் கேன்டரிலும் உங்கள் முழங்கை திறந்து மூட வேண்டும். டிராட்டில் நீங்கள் சேணத்திலிருந்து எழுந்து உட்காரும்போதும் கை மட்டும் அதே இடத்தில் நிற்க வேண்டும். "கையை அசைக்காதே" என்ற கட்டளையைக் கேட்டுக் கையைக் கட்டையாக்கிக்கொள்பவர்கள், உண்மையில் ஒவ்வொரு எட்டிலும் குதிரையின் வாயை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாயைப் பொறுத்தவரை அசையாமல் இருப்பதுதான் அசையாத கை. பட்டம் விட்டவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்: நூல் தொய்யாமலும் அறுபடாமலும், மேலே காற்று செய்வதை விரல் நுனியில் அறிந்துகொண்டு நிற்பதே இங்கும் தேவை. பயிற்றுநர்கள் காண்டாக்ட் என்று சொல்வது இதைத்தான்.

தொய்ந்த வார் கருணையான வார் என்ற எண்ணமும் வேண்டாம். தொய்வு முடிந்து திடீரென இறுகும் ஒவ்வொரு தடவையும் வாயில் ஓர் அடி விழுகிறது.

வேகத்தைக் குறைக்கும் வரிசை இது. முதலில் முதுகை நிமிர்த்தி, உடல் எடையைச் சேணத்துக்குள் இறக்குங்கள். பிறகு கால்களை லேசாக ஒட்டி வைத்துக்கொண்டே, ஈரத் துணியைப் பிழிவதுபோல் விரல்களை மூடுங்கள். ஒரு பாய்ச்சலுக்குள் விரல்களைத் திறந்துவிடுங்கள், குதிரை முழுதாகக் கேட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். கேட்கவில்லையென்றால் அடுத்த பாய்ச்சலில் மறுபடி கேளுங்கள். குதிரைக்குப் பாடம் புகட்டுவது அழுத்தம் நீங்கும் அந்தக் கணம்தான். நீங்காத அழுத்தத்திலிருந்து அது கற்பது, எதிர்த்து இழுக்கலாம் என்பது ஒன்றையே. இழுவைப் போட்டியில் அரை டன் எடையுள்ள விலங்கை நீங்கள் வெல்லப் போவதில்லை.

ஐந்தாம் படி: தடையின்மேல் வாயை விட்டுக்கொடுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியங்களிலும் பழைய புகைப்படங்களிலும், குதிரை தாண்டும்போது வீரர் பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி, வாரைப் பிடித்துத் தொங்குவதைக் காணலாம். குதிரையின் முன்கால்களைக் காப்பாற்றுவதாக அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ கப்ரில்லிதான் அதை மாற்றினார். சவாரியே இல்லாத குதிரை எப்படித் தாண்டுகிறது என்று கவனித்து, அது கழுத்தை முன்னே நீட்டி, முதுகை வளைத்து, முன்கால்களில்தான் இறங்குகிறது என்பதை எடுத்துக்காட்டினார். வீரரும் முன்னோக்கிச் சென்று கழுத்துக்கு வழிவிட வேண்டும் என்றார். 1907-இல் தமது 39-ஆம் வயதில் அவர் இறந்தாலும், இன்று உலகம் முழுதும் தடை தாண்டும் வீரர்கள் உட்காரும் முறை அவர் வகுத்ததே.

கழுத்து நீளாவிட்டால் முதுகு வளையாது. முதுகு வளையாவிட்டால் பின்கால்கள் தடையின் கோலைத் தட்டும். தட்டிக் கோல் விழுந்தால் நான்கு தண்டப்புள்ளிகள். தாண்டும்போது வாயில் இழுபட்ட குதிரை, அடுத்த முறை தடையை நெருங்கும்போதே தலையைத் தூக்கிக்கொண்டு, வலிக்கும் இடத்தை விரைவாகக் கடந்துவிடப் பாய்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன "பிய்த்துக்கொண்டு ஓடும்" குதிரைகளில் பாதிக்கு மேல் இப்படி உருவாக்கப்பட்டவை என்பது என் கணிப்பு.

பயிற்சியைத் தரையில் கிடக்கும் கோல்களில் தொடங்குங்கள். டிராட்டுக்கு 1.3 மீட்டர் இடைவெளியில் நான்கு கோல்கள் போதும். குதிரையின் எட்டுக்கேற்பச் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம். அவற்றின் மேல் கழுத்து தாழ்வதைக் கை பின்தொடர வேண்டும். அது வந்த பிறகு, பெருக்கல் குறிபோல் குறுக்காக வைத்த, நடுவில் 40 சென்டிமீட்டர் உயரமுள்ள தடைக்குச் செல்லுங்கள், அதற்கு 2.5 மீட்டர் முன்னால் தரையில் ஒரு கோல் இருந்தால், எங்கே எம்ப வேண்டும் என்ற கவலை உங்களுக்கும் குதிரைக்கும் இராது.

முதல் சில வாரங்கள் குதிரையின் கழுத்தில் ஒரு தோல்பட்டி கட்டி, தரைக்கோலைக் கடக்கும்போதே அதை இரு கை விரல்களாலும் பிடித்துக்கொள்ளுங்கள். பிடரி மயிரைப் பிடித்தாலும் சரி. குதிரைக்கு அதில் வலி இல்லை. எவ்வளவு தடுமாறினாலும் உங்கள் பாரம் வாயில் தொங்காது. அடுத்த நிலையில், எம்பும்போது இரண்டு கைகளையும் பிடரியின் இரு பக்கமும் ஒரு சாண் முன்னே நகர்த்திக் கழுத்தின் மேற்புறத்தில் அழுத்தி ஊன்றுங்கள். வார் சற்றுத் தொய்யட்டும். உங்கள் கால் அங்கவடியில் உறுதிப்பட்டு, கையை ஊன்றாமலே சமநிலை நிற்கிறது என்று பயிற்றுநர் சொன்ன பிறகுதான், கை காற்றில் வாயைப் பின்தொடரும் மூன்றாம் நிலைக்குப் போக வேண்டும். அதற்கு ஓராண்டு ஆனாலும் ஆகட்டும்.

தடையை நெருங்கும் கடைசி மூன்று பாய்ச்சல்களில் கையால் எதுவும் செய்யாதிருக்கப் பழகுங்கள். குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. மூக்குக்கு நேர் முன்னால் உள்ளது அதற்குத் தெரியாது. தடையை அளவிட அது தலையை உயர்த்தித் தாழ்த்தித் தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வாரைச் சுருக்குவது கண்ணை மறைப்பதற்குச் சமம். வேகமோ திசையோ மாற்ற வேண்டுமென்றால் அதை வளைவிலேயே முடித்துவிடுங்கள். முடியவில்லையா, தடைக்குப் போகாமல் வட்டமடித்துத் திரும்புங்கள். இறங்கிய முதல் பாய்ச்சலிலும் கை அமைதியாகவே இருக்கட்டும். அப்போது உடலை நிமிர்த்துங்கள். வாரை மெல்லச் சேகரிப்பது இரண்டாம் பாய்ச்சலில்தான்.

சவாரி முடிந்த பின்

பிட்டைக் கழற்றும்போது பிரைடிலைச் சடாரென்று இழுக்காதீர்கள். குதிரை தானாக வாயைத் திறந்து பிட்டை விடும்வரை, பிரைடிலின் தலைப்பட்டையைக் கையிலேயே தாங்கிக்கொண்டு நில்லுங்கள். இல்லாவிட்டால் இரும்பு முன்பற்களில் இடிக்கும். மறுநாள் பிட் மாட்டப் போகும்போது தலையைத் தூக்கிக்கொள்ளும் குதிரைகள் பெரும்பாலும் அந்த இடியை நினைவில் வைத்திருப்பவை. கழற்றியதும் பிட்டை வெறும் தண்ணீரில் கழுவி, மூட்டுகளில் ஒட்டிய நுரையையும் புல்லையும் விரலால் எடுத்துத் துடையுங்கள்; உலர்ந்து பொருக்காகிவிட்ட எச்சில் அடுத்த நாள் உதட்டை மணல்தாள்போல் உராயும். மார்கழிக் காலைகளில் மாட்டுவதற்கு முன் இரும்பை உள்ளங்கைகளுக்குள் ஒரு நிமிடம் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு உதட்டோரங்களைத் தடவிப் பாருங்கள். தோல் உரிந்திருந்தால் முற்றிலும் ஆறும்வரை வாயில் எதையும் வைக்காமல், கைக்கயிற்றில் நடத்தி மட்டும் உடற்பயிற்சி கொடுங்கள். அந்த நாட்களில் பிட்டின் அளவையும் துளைகளின் தேய்மானத்தையும் மறுபடி பாருங்கள். எந்தப் பக்க உதடு உரிந்ததோ அந்தப் பக்கத்துக் கையை அடுத்த சவாரியில் கவனித்துச் சொல்லும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள்.